ஷவர் திரையில் படிந்திருப்பது எது? அறிகுறி பார்த்துச் சுத்தம் செய்யும் வழிமுறை

ஷவர் திரை அழுக்காகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "என்ன நிறத்தில்?" என்பதுதான். வெள்ளை, இளஞ்சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு என ஒரே திரையில் நான்கு நிறமும் இருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு. சோப்புப் படலத்தின்மேல் பிளீச் ஊற்றினால் ஒன்றும் நடக்காது. துருவின்மேல் ஊற்றினால் கறை இன்னும் அழுத்தமாக ஊன்றிக்கொள்ளும். பூஞ்சையைச் சமையல் சோடாவால் தேய்த்துக்கொண்டிருந்தால் கைதான் வலிக்கும். ஆகவே வாளியைத் தேடும் முன் திரையின் கீழ் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அழுக்கு பெரும்பாலும் அடியிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள்தான் குடியிருக்கும்.

பார்த்தும் பிடிபடவில்லை என்றால் நகத்தால் கீறுங்கள். மாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால் சோப்பு அல்லது நீரின் உப்பு. வழவழப்பாக வழித்துக்கொண்டு வந்தால் பாக்டீரியா. ஒன்றுமே வரவில்லை, புள்ளி அப்படியே நிற்கிறது என்றால் பூஞ்சை என்று சந்தேகிக்கலாம். வெள்ளைப் படிவின்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டு உற்றுப் பாருங்கள்: நுரைத்தால் அது நீரில் வந்த சுண்ணாம்பு; நுரைக்காமல் மெழுகு போலக் குழைந்தால் சோப்பு. கறுப்புப் புள்ளியை, வினிகர் படாத வேறோர் இடத்தில், நீர்த்த பிளீச்சில் நனைத்த பஞ்சால் தொட்டு ஓரிரு நிமிடம் விடுங்கள். வெளுத்தால் பூஞ்சை. வெளுக்காவிட்டால் வெறும் அழுக்காகவோ சாயமாகவோ இருக்கலாம்.

தொடங்கும் முன்

திரை எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓரத்தில் தைத்த சீட்டு இருந்தால் சிக்கல் இல்லை. கனமாக, புதிதில் நெடி அடித்ததாக இருந்தால் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்காக இருக்கும். பால் நிறத்தில், லேசாக, அதிக வாசனை இல்லாமல் இருந்தால் பி.இ.வி.ஏ. என்ற இன்னொரு பிளாஸ்டிக். நூல் இழை தெரிந்தால் துணி. பெரும்பாலும் பாலியெஸ்டர், சில நேரம் நைலான், அரிதாகப் பருத்தி. பிளாஸ்டிக் இரண்டுக்கும் சூடு பகை. நைலானுக்குக் குளோரின் பிளீச் பகை. மஞ்சளாகி இழை நைந்துவிடும்.

அடுத்தது விளையாட்டில்லை. குளோரின் பிளீச்சையும் வினிகரையும் சேர்த்துவிடாதீர்கள். சிட்ரிக் அமிலம், எலுமிச்சைச் சாறு, கழிப்பறை கழுவும் அமிலம் எல்லாம் இதில் அடக்கம். பிளீச்சில் இருக்கும் ஹைப்போகுளோரைட் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களோடு சேர்ந்தால் குளோரமின். அதுவும் நுரையீரலுக்குக் கேடு. ஒரு முறை நான் வினிகரில் ஊறிய லைனரை (திரைக்கு உட்புறம் தொங்கும் பிளாஸ்டிக் விரிப்பு) சரியாக அலசாமல் பிளீச் வாளிக்குள் போட்டேன். அளவு சிறிது, சன்னல் திறந்திருந்தது. ஆனாலும் தொண்டை அரித்து, கண்ணில் நீர் வழிய வெளியே ஓடினேன். இப்போதெல்லாம் அமிலக் குளியல் ஒரு நாள், பிளீச் மறுநாள். நடுவில் ஓடும் நீரில் நன்றாக அலசுவதோடு வாளியையும் கழுவிவிடுகிறேன்.

அறிகுறி: வெள்ளைப் படலம், சொரசொரப்பு, திரை மங்கலாகிவிட்டது

பத்தில் எட்டுத் திரைகளில் இதுதான் நோய் என்பது என் அனுபவம். கட்டிச் சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அதைச் சந்தித்ததும் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தாங்கள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. பிறப்பது நீரில் கரையாத ஒரு மெழுகுப் பொருள். வாளியின் விளிம்பில் வளையமாகப் படிவதும் இதுதான். நீரில் கரையாத ஒன்றை நீரும் தூரிகையும் வைத்துத் தேய்த்தால் எப்படிப் போகும்?

இதற்கு அமிலம் வேண்டும். 5 சதவீத வினிகரையும் வெதுவெதுப்பான நீரையும் சமமாகக் கலந்து, திரையின் கீழ்ப்பகுதி முழுகும்படி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். வினிகர் நெடி ஒத்துவராதவர்கள் ஒரு லிட்டர் நீருக்கு 2 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுக்கொள்ளலாம். வேலை அதே, வாசனை இல்லை. கொக்கிகளையும் உலோக வளையங்களையும் கழற்றி வைத்துவிட்டு ஊற வையுங்கள். அமிலம் உலோகப் பூச்சையும் தின்னும்.

பலர் தவறவிடும் படி இனிமேல்தான் வருகிறது. அமிலம் கால்சியத்தைக் கழற்றிக்கொண்டு போனதும் எஞ்சுவது கொழுப்பு அமிலம், அதாவது பிசுக்கு. "வினிகரில் ஊற வைத்தேன், படலம் போய்விட்டது, ஆனால் கை வைத்தால் எண்ணெய் மாதிரி இருக்கிறது" என்று குறைப்படுகிறவர்கள் பாதி வேலை முடித்தவர்கள். வினிகரை அலசிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் மென்மையான ஸ்பாஞ்சால் ஒரு முறை துடையுங்கள். பிசுக்கு அதோடு போகும். கம்பி நார் வேண்டாம். அது பிளாஸ்டிக்கில் விழுத்தும் கீறல்களுக்குள்தான் அடுத்த மாத அழுக்கு போய் ஒளிந்துகொள்ளும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்க வைக்கும் வித்தையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட, வாளியில் மிஞ்சுவது ஏறத்தாழ உப்புக் கரைசல். சோடாவை ஈர ஸ்பாஞ்சில் தொட்டுத் தேய்ப்புத் தூளாகப் பயன்படுத்துங்கள். வினிகரை வேறு வேளையில், தனியாக.

ஊற வைத்தும் போகாத தடித்த பட்டை, குறிப்பாகக் கீழ் மடிப்பில், அடுக்கடுக்காகப் படிந்ததாக இருக்கும். வினிகரில் நனைத்த பழைய துணியை அதன்மேல் சுற்றி, காயாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பிறகு தேயுங்கள். கட்டிச் சோப்புக்குப் பதிலாகத் திரவக் குளியல் சோப்புக்கு மாறிய வீடுகளில் இந்தப் படலம் குறையும். அவற்றில் பல செயற்கைச் சலவைப் பொருள்களால் ஆனவை. கால்சியத்தோடு சேர்ந்து இப்படி உறைவதில்லை.

அறிகுறி: இளஞ்சிவப்பு வழவழப்பு

திரையின் கீழ் மடிப்பிலும் சோப்பு வைக்கும் மூலையிலும் ரோஜா நிறத்தில் ஒரு வழுக்கல். துரு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. துரு சொரசொரக்கும், இது வழுக்கும். செராட்டியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா இதற்குப் பேர்போனது. புரோடிஜியோசின் என்ற சிவப்பு நிறமியை அதுவே தயாரிக்கிறது. சோப்பு, ஷாம்பு மிச்சங்களில் செழித்து வளர்கிறது. எல்லா இளஞ்சிவப்பையும் அதன் தலையில் கட்டிவிடவும் முடியாது. 2004இல் ஷவர் திரைகளின் படலத்தை மரபணு முறையில் ஆராய்ந்தபோது மேலோங்கி நின்றவை ஸ்பிங்கோமோனஸ், மெத்திலோபாக்டீரியம் என்ற இரு இனங்கள். மெத்திலோபாக்டீரியமும் இளஞ்சிவப்புதான்.

நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள், கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் ஒதுங்கி நின்று, துடைக்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பது நல்லது.

நீக்குவது சுலபம். சோப்பு நீரில் ஸ்பாஞ்சை நனைத்து வழித்தாலே போய்விடும். வழித்த கையோடு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு குளிர்ந்த நீர் கலந்து தடவி, பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து அலசுங்கள். முதலில் வழிக்காமல் பிளீச் மட்டும் தெளிப்பது வீண். வழவழப்பு என்பது அந்த உயிரிகள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட கூடாரம். மேலே ஊற்றுவது அடியில் இருப்பவற்றை எட்டாது. ஸ்பாஞ்சையும் பிறகு காய வையுங்கள். இல்லாவிட்டால் அது அடுத்த முறைக்கு நாற்றங்கால் ஆகிவிடும்.

அறிகுறி: கறுப்பு அல்லது கரும்பச்சைப் புள்ளிகள்

பூஞ்சை. மடிப்புகளிலும் தையல் ஓரத்திலும்தான் முதலில் தலைகாட்டும். கிளாடோஸ்போரியம், ஆரியோபசிடியம் போன்ற இனங்கள் குளியலறைகளின் பழைய குடிகள்.

பி.வி.சி., பி.இ.வி.ஏ. லைனர் என்றால் மேலே சொன்ன பிளீச் கரைசலே போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், பழைய சட்டை அணியுங்கள். நீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். சூட்டில் பிளீச் வீரியம் இழக்கும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள். தெளித்ததும் வழிந்து ஓடிவிடுகிறது என்றால், கரைசலில் நனைத்த சமையலறைக் காகிதத்தைப் புள்ளிகளின்மேல் ஒட்டி வையுங்கள். காகிதம் காயாதவரை மருந்து அங்கேயே நிற்கும். நான் கண்டுபிடித்த வித்தை இல்லை என்றாலும், நான் மிக அதிகம் நன்றி சொல்வது இதற்குத்தான்.

வண்ணத் துணித் திரைக்குக் குளோரின் வேண்டாம். ஆக்சிஜன் பிளீச் என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட் தூளை 40 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டு நீரில், துணியின் சீட்டு அந்தச் சூட்டை அனுமதித்தால், கரைத்துச் சில மணி நேரம் ஊற வையுங்கள். நீரில் கரைந்ததும் அது ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும், வெளுப்பது அதுதான். குளிர்ந்த நீரில் போட்டுவிட்டு, தூள் சரியில்லை என்று குறை சொல்லாதீர்கள்.

பத்து நிமிடம் ஆயிற்று, அலசியாயிற்று, புள்ளி இன்னும் மங்கலாகத் தெரிகிறதா? இன்னொரு முறை செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பூஞ்சை செத்திருக்கலாம், அதன் நிறம் மட்டும் பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும். அதை வெளுக்க மூன்றாவது, நான்காவது முறை பிளீச் ஊற்றினால் லைனர்தான் நையும். கறையோடு வாழ மனம் இருந்தால் வாழலாம். இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான்.

அறிகுறி: ஆரஞ்சு, பழுப்புக் கறை

எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலே துளைகளைச் சுற்றி என்றால் உலோக வளையம் துருப்பிடித்திருக்கிறது. கீழே காசு அளவு வட்டமாக என்றால் ஓரத்துக்குள் தைத்திருக்கும் காந்தத்தின் உறை கிழிந்து உள்ளே நீர் போயிருக்கிறது. நீர் வழியும் தடம் முழுக்கக் கோடு கோடாக என்றால் நீரிலேயே இரும்பு இருக்கிறது.

மூன்றுக்கும் சிட்ரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறும் உப்புமோ போதும்: குழைத்துப் பூசி, ஒரு மணி நேரம் விட்டு, பல் துலக்கும் பழைய தூரிகையால் தேயுங்கள். இங்கே பிளீச் எதிரி. இரும்பை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்து கறையை நிலைக்க வைத்துவிடும். கறை போனதும் காரணத்தையும் கவனியுங்கள். கொக்கிகளைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள், கிழிந்த காந்தத்தை வெட்டி எடுத்துவிடுங்கள்.

பழைய வெள்ளைத் திரை முழுவதும் சீராக மஞ்சளாகியிருந்தால் அது கறையே இல்லை. வெயிலிலும் சூட்டிலும் பி.வி.சி. தானே சிதைந்து மஞ்சளாகும். அதைக் கழுவித் திருப்ப முடியாது.

அறிகுறி: நாற்றம்

புதுத் திரையின் பிளாஸ்டிக் நெடியும் பழைய திரையின் ஊசல் வாடையும் வேறு வேறு. முதலாவது, பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் பொருள்களின் வேலை. நிழலில், காற்றோட்டமாக, சில நாள் விரித்துத் தொங்கவிட்டு, குளிர்ந்த சோப்பு நீரில் ஒரு முறை அலசி மாட்டுங்கள்.

ஊசல் வாடை என்றால் கீழ் மடிப்பை மோந்து பாருங்கள். இரண்டு அடுக்கு பிளாஸ்டிக்குக்கு நடுவே தேங்கிய நீர் அங்கே பல வாரமாகக் கிடந்திருக்கும். ஆக்சிஜன் பிளீச்சில் ஊற வைத்து, மடிப்பைக் கையால் பிழிந்து, தலைகீழாகத் தொங்கவிட்டுக் காய வையுங்கள். அதற்கும் போகவில்லையா? திரையை ஒரு நாள் குளியலறைக்கு வெளியே வையுங்கள். வெளியே வைத்த திரையில் வாடை இல்லை, உள்ளே மட்டும் அடிக்கிறது என்றால் குற்றவாளி வடிகால். இத்தனை நாள் பாவம் திரை பழி சுமந்திருக்கிறது.

அறிகுறி: இயந்திரத்தில் துவைத்தபின் சுருக்கம், கிழிசல், இயந்திரமே ஆட்டம்

இயந்திரத்தில் போடலாம், ஆனால் முரட்டுத்தனமாக அல்ல. கொக்கிகளைக் கழற்றி, இரண்டு மூன்று குளியல் துண்டுகளோடு சேர்த்து, மென்மையான சுழற்சியில், 30 டிகிரியில் ஓட விடுங்கள். துண்டுகள் தூரிகை வேலை செய்யும்; பிளாஸ்டிக் தன்மேலேயே ஒட்டிக்கொள்வதையும் தடுக்கும். நான் முதன்முதலில் துண்டு இல்லாமல் தனியாகப் போட்டேன். திரை ஈரப் பந்தாகச் சுருண்டு, அழுக்கு உள்ளே பத்திரமாக, நடுவில் ஒரு கிழிசலோடு வெளியே வந்தது.

நீர் பிழியும் சுழற்சியை நிறுத்திவிடுங்கள். நீர் புகாத விரிப்பு மடிப்புக்குள் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். தொட்டி வேகமெடுக்கும்போது அந்த நீர் ஒரு பக்கமாகச் சாய, இயந்திரம் சமநிலை இழந்து குதிக்கும், உடையவும் கூடும். இயந்திரத்தின் கையேட்டில் நீர் புகாத பொருள்களைப் போட வேண்டாம் என்று இருந்தால் வாதாடாதீர்கள், குளியல் தொட்டியிலேயே துவையுங்கள். உலர்த்தும் இயந்திரத்தில் பிளாஸ்டிக் திரையைப் போடவே வேண்டாம்.

சுருக்கம் விழுந்துவிட்டால் அப்படியே மாட்டி, வெந்நீரில் குளியுங்கள். ஆவியும் சொந்த எடையும் பெரும்பாலும் நேராக்கிவிடும். மிச்சத்துக்கு முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டுங்கள். துணித் திரைக்கு மென்மையூட்டும் திரவம் ஊற்றாதீர்கள்; அதன்மேல் இருக்கும் நீர் விலக்கும் பூச்சு வீணாகும்.

துளை கிழிந்துவிட்டால், இருபுறமும் அகலமான ஒளிபுகு ஒட்டுநாடாவை ஒட்டி, அதன்மேல் புதிதாகத் துளையிட்டால் போதும். சில மாதம் தாங்கும்.

அறிகுறி: குளிக்கும்போது திரை காலில் வந்து ஒட்டுகிறது

கீழ் ஓரம் மட்டும் எப்போதும் அழுக்காக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. உடலிலிருந்து வழியும் சோப்பு நேராக அதன்மேல் போகிறது. திரை ஏன் உள்ளே வருகிறது என்று மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்மிட் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஷவரின் துளிகள் கிடைமட்டச் சுழல் ஒன்றை உண்டாக்குகின்றன, சுழலின் நடுவில் அழுத்தம் குறைகிறது, திரை அதை நோக்கி இழுபடுகிறது என்பது அவர் விளக்கம். அதற்கு 2001இல், சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது, "பகுதித் தீர்வு" என்ற அடைமொழியோடு. நம் தீர்வு எளிது: கீழ் ஓரத்தைத் தொட்டியின் உட்சுவரில் நீர் தெளித்து ஒட்டிவிட்டுக் குளிக்கத் தொடங்குங்கள், அல்லது ஓரத்தில் எடை மாட்டுங்கள்.

அறிகுறி: கழுவிய இரண்டே வாரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது

கழுவியதில் குறை தேடாதீர்கள். குளித்து முடித்ததும் திரையை என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் ஒரு பக்கமாகச் சுருட்டித் தள்ளிவிட்டு வெளியே வருகிறோம். பார்க்க ஒழுங்காக இருக்கும். உள்ளே பத்துப் பதினைந்து ஈர மடிப்புகள், காற்று புகாமல், இருட்டில், சோப்பு மிச்சத்தோடு. பூஞ்சை கேட்டதெல்லாம் இதுதானே?

வெளியே வரும் முன் திரையை ஒரு முறை உதறி, கம்பி முழுநீளத்துக்கும் இழுத்து விரித்துவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கதவைத் திறந்து வையுங்கள், அல்லது காற்று வெளியேற்றும் மின்விசிறியை அரை மணி நேரம் ஓட விடுங்கள். லைனர் தரையில் புரளும் நீளமாக இருந்தால் கத்தரிக்கோலால் ஒரு அங்குலம் மேலே வெட்டிவிடலாம். பிளாஸ்டிக் என்பதால் பிரியாது, தைக்கவும் தேவையில்லை. முடிந்தால் இரண்டு லைனர் வைத்துக்கொண்டு, ஒன்று தொங்கும்போது மற்றொன்றை நன்றாகக் காய விடுங்கள். வாரம் ஒரு முறை நீரும் வினிகரும் சமமாகக் கலந்து கீழ்ப்பாதியில் தெளித்து அலசினால், மேலே சொன்ன பெரிய துவைப்பு மாதத்துக்கு ஒன்றிலிருந்து காலாண்டுக்கு ஒன்றாகக் குறையும். என் வீட்டில் அப்படித்தான் குறைந்தது.

அறிகுறி: விறைப்பு, அல்லது கையில் ஒட்டும் பிசுபிசுப்பு

பி.வி.சி.யை வளையும்படி வைத்திருப்பது அதில் கலந்த மென்மையாக்கிகள். அவை ஆண்டுகள் போகப் போக வெளியேறும். வெளியேறிவிட்டால் திரை விறைத்து மடிப்பில் வெடிக்கும். மேற்பரப்பில் வந்து தேங்கி நின்றால் பிசுபிசுக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மறுவாரம் அதே பிசுபிசுப்பு. இதற்கு மருந்து கிடையாது. கழற்றி, நல்லதாக மிஞ்சிய பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது தரையில் விரிக்கலாம்.